எந்தப் பக்கம் பார்க்கிறாள்

படம் எடுப்பது வேறு ஆள். அதை நறுக்கி, வரிசையாக்கி, கல்யாண ஆல்பமாக்குவது நம்ம ஆல்பம்காரர். மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன். பெண்ணை எப்போதும் பக்கத்தின் இடது ஓரத்தில், வலப்பக்கம் பார்க்கிற மாதிரி வைப்பார். "பொண்ணு முன்னாடி பாக்கணும்" என்பார். வலதுதான் முன்னாடி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் படித்த எழுத்து ஓடுகிற திசை அது, அவ்வளவுதான்.

சொந்த மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டாருடையது வலமிருந்து இடமாக எழுதுகிற பாஷை. ஆல்பம்காரர் பார்த்துப் பார்த்து ஆல்பம் செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். சம்பந்தியம்மா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தார். எடுத்ததுமே வண்டி கிளம்புகிற படம், மகள் கண்ணைத் துடைக்கிறாள். இவர் பதறிப்போய், "அந்தப் பக்கத்துலேருந்து" என்று கைகாட்டினார். அம்மாள் சிரித்துக்கொண்டே திருப்பினார். போகப் போகச் சிரிப்பு வற்றியது. மகனிடம் ஏதோ கேட்டார்.

மாப்பிள்ளை நெளிந்தார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாப் படத்துலயும் அவ பின்னாடி திரும்பியே பாக்கறாளே, எங்க வீட்டுக்கு வர இஷ்டமில்லையான்னு அம்மா கேக்கறாங்க."

ஆல்பம்காரர் ஆடிப்போய்விட்டார். மகள் வாழப்போகிற வீடாயிற்றே, விளையாட்டா? கடைக்கு ஓடி, கம்ப்யூட்டரில் எல்லாப் படத்தையும் இடம்வலமாகப் புரட்டினார். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிற்று. மனைவி எட்டிப் பார்த்து, "இது யார் வீட்டுப் பொண்ணு?" என்றாள். பழசையும் புதுசையும் மாறி மாறிப் பார்த்ததில் எது அழகு என்பதே அவருக்குப் பிடிபடாமல் போனது. இத்தனை வருஷமும் எதை அழகென்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று பயமே வந்துவிட்டது.

மகள் வந்ததும் இரண்டையும் நீட்டினார். "நீயே சொல்லு பாப்பா. நீ முன்னாடிதானே பாக்கற?"

அவள் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்பா. ஆனா அவங்க கண்ணுக்குப் பட்டதுதான் நிஜம். அன்னிக்குப் பூரா நீங்க எங்க நிக்கறீங்கன்னுதான் தேடிக்கிட்டே இருந்தேன்."

ஆல்பம்காரர் படத்தின் வலது ஓரத்தைப் பார்த்தார். பெண்ணின் பார்வைக்குக் குறுக்கே யாரும் நிற்கக் கூடாதென்று, அங்கே நின்றிருந்த தன்னை அவரேதான் வெட்டிப் போட்டிருந்தார்.