அருளப்பர்கள் எத்தனை பேர்

விழுப்புரத்தில் நான் ஏறிய பாசஞ்சர் வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டுகிறது. எதிரே ஓர் அம்மாவும் பத்து வயது மகளும். திண்டிவனம் மாதா கோயிலில் நடக்கும் மறைக்கல்விப் போட்டிக்குப் போகிறார்கள்.

"உங்க பேரு என்னங்க மாமா?" என்கிறாள் சிறுமி.

"அருளப்பன்."

"அருளப்பர்னா ஜான். அந்தப் பேருலதான் நெறைய பாப்பரசருங்க. எத்தன பேரு, சொல்லுங்க?"

"இருபத்து மூணு" என்கிறேன். இருபத்து மூன்றாம் அருளப்பர் என்று பூசையில் கேட்டிருக்கிறேன்.

"இருபத்தொண்ணுங்க. நடுவுல ஒரு நம்பர வுட்டுட்டாங்களாம். இன்னொருத்தரு முறைப்படி வரலன்னு சேக்கலியாம். டீச்சர் சொன்னாங்க."

பக்கத்தில் மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்கிறவர் சிரிக்கிறார். "சொந்தப் பேர பத்தியே தெரியலியாண்ணே?"

அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே படுகிறது. ஆனாலும் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"டீச்சருக்கு என்னா தெரியும்? இருபத்து மூணுதான்" என்கிறேன், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்.

"அண்ணன் சொல்றாரு இல்ல? பேசிக்கினு இருக்காம மாத்தி எழுதுடி" என்கிறார் அம்மா.

சிறுமி மடியிலிருக்கும் விடை நோட்டில் இருபத்தொன்றை ரப்பரால் அழித்து இருபத்து மூன்று என்று எழுதுகிறாள்.

திண்டிவனத்தில் இறங்கும்போது அம்மா என்னைக் கும்பிடுகிறார். "நல்லவேள, நீங்க சொன்னீங்கண்ணே."

என் ஜன்னலுக்கு நேராக நின்று மகளின் ரிப்பனைக் கட்டிவிடுகிறார். மெல்லக் கூப்பிட்டாலே கேட்கும். வண்டி நகர்கிறது. நான் கூப்பிடவில்லை.