காலி இடம் பொறுக்காத குடோன்

கொலைக் கேஸ் வக்கீலிடம் கேட்டால் விடிய விடியக் கதை சொல்வார். குடோன் வக்கீலான என்னிடம் கேட்டால், "ஒரு பின்கதவு இருந்துச்சு" என்றுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பூந்தமல்லியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். நசரத்பேட்டை, திருமழிசை பக்கம் குடோன் நடத்துகிறவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுவது, லைசென்ஸ் வாங்கித் தருவது, நோட்டீஸ் வந்தால் பதில் போடுவது, இதுதான் பிழைப்பு. என்னைப் போலவே குடோன்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையில் அடித்துக்கொள்ள ஒரு கையைச் சும்மா வைத்திருங்கள்.

காணாமல் போன கதவு

நசரத்பேட்டை தனசேகர் அண்ணன் ஒருநாள் நோட்டீஸும் கையுமாக வந்து உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தீயணைப்பு அதிகாரி அவருடைய குடோனைச் சோதிக்க வந்தபோது, அவசரத்துக்கு வெளியேற வேண்டிய பின்கதவையே கண்டுபிடிக்க முடியவில்லையாம். முடியுமா? கதவை மறைத்துக் கூரை வரைக்கும் பிஸ்கட் பெட்டி! அடுத்த சோதனைக்குள் கதவும், அதற்குப் போகும் வழியும் காலியாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது, குடோனைப் பூட்ட வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பூட்டினால் பிஸ்கட் கம்பெனி மறுநாளே ஹைவேயில் இருக்கும் பெரிய குடோனுக்குப் போய்விடும். இவரும் நடுத்தெருவில், இவரை நம்பி இருக்கும் லோடுமேன்களும் நடுத்தெருவில். எனக்கு வந்ததே கோபம்! "ஏன்ணே, வைக்க வேற இடமே கிடைக்கலையா?" என்று கத்தினேன். மனுஷன் பச்சைக் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார்.

"காலியா கெடந்தா கண்ண உறுத்துது மேடம். எடத்த சும்மா போட்டு வச்சா ராத்திரி தூக்கமே வர மாட்டுது."

மஞ்சள் கோடு

பெட்டிகளை எடுக்க வைத்தேன். இனி யாரும் மறக்கக் கூடாது என்று குடோன் நடுவிலிருந்து பின்கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் பளிச்சென்று மஞ்சள் கோடு அடிக்கச் சொன்னேன். ஆஹா, எவ்வளவு பொறுப்பான வக்கீல் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், கோடு தாண்டாமல், நூல் பிடித்த மாதிரி, அந்த வழி முழுக்க டேபிள் ஃபேன் பெட்டிகள். அடுக்கியவர் லோடுமேன்களுக்குத் தலைவரான ஏழுமலை மேஸ்திரி. குடோன் பாஷையே தெரியாமல் குடோனுக்கு வக்கீலாக இருந்திருக்கிறேன், பாருங்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டால், 'சரக்கை இதற்குள் அடுக்கு' என்றுதான் எல்லா லோடுமேனுக்கும் பழக்கம். மேஸ்திரி என்னைப் பார்த்து அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

"ஒரு பொட்டி கூட கோட்டத் தாண்டல வக்கீலம்மா, நல்லா பாத்துக்கோ!"

பிள்ளையார் வந்தார்

அடுத்த யோசனை தனசேகர் அண்ணனுடையது. தெருச்சுவரை அசிங்கம் பண்ணாமல் இருக்க சாமி படம் ஒட்டுகிறார்களே, அதே மாதிரி, ஃபேன் பெட்டிகளை எடுக்க வைத்துவிட்டு, பின்கதவு பக்கத்தில் ஒரு பிள்ளையார் படத்தை மாட்டினார். சும்மா சொல்லக் கூடாது, ஒருத்தரும் அங்கே பெட்டி வைக்கவில்லை. நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

ஆனால் பிள்ளையார் தனியாக இருப்பாரா? முதலில் ஒரு பலகை வந்தது. பலகை மேல் குத்துவிளக்கு வந்தது. பிறகு ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய் டப்பா. அதிகாரி மறுபடி சோதனைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்த கையோடு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு, ஒரு கடைசி வாய்ப்பு தருவதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மேடம், தீப்பிடிச்சா ஓடறதுக்கு வச்ச வழியில நீங்களே தீ வச்சிருக்கீங்களே!"

புதுப் பார்ட்டி

அன்றைக்கு ஆபீசுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. எத்தனையோ முறை கண்ணால் பார்த்த ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஒரு பார்ட்டி வாடகைக்கு எடுத்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும், அதில் இன்னொருத்தர் சரக்கைக் குடோன்காரர்கள் வைக்கவே மாட்டார்கள். அதில் மட்டும் அப்படி ஒரு நேர்மை! அப்படியானால் அந்த வழியையும் வாடகைக்கு விட்டுவிட்டால்?

உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினேன். வாடகைக்கு எடுப்பவர்: ஏழுமலை மேஸ்திரியும் லோடுமேன்களும். வைக்கும் சரக்கு: ஒன்றுமில்லை. வாடகை: மாதம் ஒரு டீ. பிள்ளையார் ஆபீஸ் அறைக்குக் குடிபோனார்; அவர் இடத்தில் 'இந்த இடம் வாடகைக்கு விடப்பட்டது' என்று போர்டு தொங்கியது. தனசேகர் அண்ணன் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். மேஸ்திரி கையெழுத்துப் போட்ட கையோடு வழியின் நடுவில் போய் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா அட்த்தவன் சரக்குக்கே காவ காத்தேன், இப்போ எனக்குனு ஒரு எடம் கீது, எவன் பொட்டி வைக்கிறான்னு பாத்துக்கறேன்!"

புகை

கடைசிச் சோதனைக்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது. ஒரு காலை நேரம், முன் ஷட்டர் பக்கத்தில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வண்டி புகைந்து, பக்கத்தில் இருந்த தெர்மாகோலில் தீப்பிடித்துவிட்டது. முன்வாசல் முழுக்கக் கரும்புகை. லோடுமேன்கள் எல்லோரும் உள்ளே. எனக்குப் போன் வந்ததும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டிருந்தது. முன்பக்கத்துச் சரக்கு கொஞ்சம் கருகி, நனைந்திருந்தது. ஆட்கள்? பின்கதவு வழியாக வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள், எல்லோரும், ஒரு கீறல் இல்லாமல்! கடைசியாக வெளியே வந்தவர் மேஸ்திரி. வண்டியோடு வந்திருந்த அதே அதிகாரி உள்ளே போய் அந்த வழியில் நடந்து, கதவைத் தள்ளிப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். தனசேகர் அண்ணன் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? மேஸ்திரிதான் வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"இன்னா மொதலாளி, சின்னப்புள்ள மாரி அழுதுகினு… வா, இந்த மாசத்து வாடக டீய இப்பவே குட்த்துர்றேன்."

லைசென்ஸ் வந்துவிட்டது, பிஸ்கட் கம்பெனியும் போகவில்லை. இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் நான் உருப்படியாக எழுதிய ஒரே குடோன் ஒப்பந்தம், ஒன்றுமே வைக்காமல் இருப்பதற்காக எழுதியதுதான்.