ஃபேன் நின்றால் கப்பல் வரும்

வீட்டு ஃபேனை நிறுத்தினால் பூமியின் அடிக்கோடியில் வீசும் காற்றும் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்று நம்பும் என் ஐந்து வயது மகளிடம், ‘நிற்காது’ என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

என் கணவர் வானிலைக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். சென்ற டிசம்பரில், பழைய கருவிகளை மாற்றுவதற்காக ஒரு மாதம் ஒரு தீவுக்குப் போனார். ஆஸ்திரேலியாவைத் தாண்டி, அண்டார்டிகாவுக்குப் பாதி வழியில் இருக்கும் தீவு. ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தவிர அங்கே வேறு வீடே கிடையாது. கப்பல் இறக்கிவிட்டுப் போய், மாதக் கடைசியில் திரும்ப வரும். அங்கே அப்போது கோடைக்காலம் என்றார்கள். நானும் நம்பி, பெட்டியில் இரண்டு அரைக்கைச் சட்டைகளை வைத்தேன்.

தினமும் காலையில் அவர் குரல் பதிவு வரும். “குட்டி, இன்னிக்கு அஞ்சு டிகிரி. பயங்கரக் காத்து. நேரா நிக்க முடியல, சாஞ்சுதான் நடக்குறேன்.”

உடனே டெக்சாஸின் சுகர் லேண்டில் இருக்கும் எங்கள் ஹாலுக்குள்ளும் அதே வானிலை வந்துவிடும். காற்றுக்கு, ஃபேன் முழு வேகத்தில். மழைக்கு, செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். ஆலங்கட்டிக்கு ஜவ்வரிசி. என் மகள் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடப்பாள். சளி பிடிக்குமோ, சோபா ஊறிப்போகுமோ, தடுத்தால் அப்பாவை நினைக்காதே என்று சொன்னதுபோல் ஆகுமோ என்று மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, நானும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் சாய்ந்து நடந்தேன்.

ஒருநாள், “குட்டி, வெயில்! அரை மணி நேரம் வெயில்!” என்று கத்தினார். அன்று பாட்டிலுக்கு ஓய்வு. ஆரஞ்சு தின்று கொண்டாடினோம். ஆனால் ஃபேன் ஓடியது. வெயிலிலும் அங்கே காற்று நிற்கவில்லை.

மாதக் கடைசியில் குரல் சுரத்தில்லாமல் வந்தது. “கப்பல் வந்துடுச்சு, ஜன்னல்லேருந்தே தெரியுது. இந்தக் காத்துல போட் இறக்க முடியாதாம். நாளைக்கும் நிக்கலேன்னா கிளம்பிடுவாங்க.” கிளம்பினால் மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கல்லில் தோசை கருகியது.

“அம்மா, வொய் ஆர் யூ க்ரையிங்?”

“காத்து நிக்க மாட்டேங்குதுடி.”

“தென் டர்ன் இட் ஆஃப்!” ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஹால் சுவிட்சை அணைத்தாள். ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

மறுநாள் காலை: “குட்டி! காத்து நின்னுடுச்சு! அப்பா போட்ல ஏறப் போறேன்!”

மிச்சமிருந்த ஜவ்வரிசி முழுவதையும் நானே வாரி இறைத்தேன்.

ஏர்போர்ட்டில் அவர் அவளைத் தூக்கியதுமே சொன்னாள். “அப்பா, ஐ டர்ன்ட் ஆஃப் த ஃபேன்.”

“அதான பார்த்தேன்! யாரு நிறுத்துனதுன்னு கப்பல்ல எல்லாரும் கேட்டுட்டே வந்தாங்க.”

நான் அவர் கையைக் கிள்ளினேன். “ஏங்க, அவ நிஜம்னு நம்பிடுவா.”

“நம்பட்டுமே. நீ மட்டும் நம்பலையாக்கும்!”

அரைக்கைச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருந்தன.

இப்போது மே மாதம். டெக்சாஸ் வெயில் கொளுத்துகிறது. ஏசி இருந்தாலும் தலைக்கு மேல் ஃபேன் சுற்றாவிட்டால் எனக்கு வீடு மாதிரியே இருக்காது. ஆனால் மாலையில் அதைப் போட முடியாது. “நோ அம்மா, அப்பா இஸ் ஆன் த ஃப்ரீவே” என்று சுவிட்சுக்குக் காவல் நிற்கிறாள். ஃபேன் ஓடினால் காற்றடித்து, ஆபீஸிலிருந்து வரும் அப்பாவின் கார் வழியிலேயே நின்றுவிடுமாம். கராஜ் கதவுச் சத்தம் கேட்டதும் அவளே ஓடிப்போய்ப் போடுவாள். மூன்று பேரும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரிப்போம். நாளின் நல்ல நேரம் அதுதான்.

உண்மையைச் சொன்னால், அப்பாவை வரவழைத்தது தான்தான் என்ற அவள் பெருமிதம் போய்விடும். சொல்லாவிட்டால், அவர் தாமதமாக வரும் ஒருநாள் அது தன் தவறு என்று நினைத்துக்கொள்வாளோ? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், நான் அவளிடம் என்ன சொல்லட்டும்?