இன்பமேரி சிஸ்டர் எழுதிய பத்து

ஏற்காட்டு மலையில் சுகாதாரக் கணக்கு பார்க்கிற ஆள் நான். புள்ளிவிவர உதவியாளர், பெயர் மணிகண்டன். மலைக் கிராமங்களின் துணை சுகாதார நிலையங்களிலிருந்து மாதாமாதம் வரும் எண்களைக் கூட்டி, வகுத்து, சராசரி போட்டு மாவட்டத்துக்கு அனுப்புவது என் வேலை. ஒன்பது வருடம் அதைத்தான் செய்தேன். அந்த எண்களைப் படித்துப் பார்ப்பதும் என் வேலைதான் என்பது இன்பமேரி சிஸ்டரால்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் அவரிடம் போனது பாடம் கேட்க இல்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

இன்பமேரி கரடியூரையும் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு துணை நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர். பெயரை மாற்றியிருக்கிறேன், எந்த ஊர் என்றும் சொல்லப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். எஸ்டேட் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டில் பிறந்தவர். அம்மா காப்பிப் பழம் பறித்தார், அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றினார். மிஷன் பள்ளியில் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, பிறந்த மலைக்கே வேலைக்கு வந்தார். கணவர் கிறிஸ்துதாஸ் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுவார். அவருடைய பதிவேடு அச்சடித்தது போல இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது.

போன வருடக் கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரத்தம் குறைந்த கர்ப்பிணிகள் இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும். இனி சில ஊர்களுக்கு வாரம் ஒரு நாள் டாக்டரே வேனில் போய் அங்கேயே ஏற்றுவார். எந்த ஊரில் ரத்தக்குறைவு அதிகமோ அந்த ஊருக்கு முதலில். ஊர்வாரியாகப் பட்டியல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

நானும் ஏழாம் மாதத்து ரத்த அளவுகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன். எங்கள் பக்கத்தில் இதைப் பாயிண்ட் என்பார்கள். பத்துப் பாயிண்ட்டுக்குக் கீழே போனால் டிரிப்ஸ். இன்பமேரியின் ஊரில் எண்பத்தெட்டு பேரில் பத்துக்குக் கீழே பதினோரு பேர்தான். மலையிலேயே மிகக் குறைவு. சபாஷ் போட்டிருப்பேன். ஆனால் அதே பட்டியலில் சரியாகப் பத்து என்று முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தியது. ரத்தம் என்ன ஆர்டர் கொடுத்துச் செய்ததா, ஒரே அளவில் இருக்க?

முகவரியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். சொந்த நிலம் உள்ள குடும்பத்துப் பெண்கள் முப்பத்தாறு பேர். அவர்களுடைய எண்கள் ஒன்பது புள்ளி நான்கு, பதினொன்று புள்ளி இரண்டு என்று இயல்பாகச் சிதறிக் கிடந்தன. எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் ஐம்பத்திரண்டு பேர். அந்த முப்பத்தொன்பது பத்துகளும் இவர்கள் பக்கம்தான். எனக்குக் கோபம் வந்தது. லைன் வீட்டுக்கு நடந்து போகச் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார, இன்பமேரி டீ வாங்கிவரச் சொன்னார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. முதலில் உள்ளே வந்தது வெண்ணிலா என்ற பெண். எஸ்டேட்டில் பழம் பறிப்பவள், ஏழாம் மாதம். விரலில் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு மெஷினில் வைத்தார். எட்டு புள்ளி ஏழு.

சிஸ்டர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எட்டு புள்ளி ஏழு என்று எழுதினார்.

வெண்ணிலா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க நர்சம்மா, எட்டுன்னு எழுதறீங்க? எங்க லைன்ல எல்லாத்துக்கும் பத்துதானுங்க போடுவீங்க? எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி?"

வெண்ணிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பறிப்பு சீசனுங்க. நாலு நாள் டிரிப்சுக்குப் போனா நாலு நாள் கூலி போயிருமுங்க. அப்புறம் ஆள் கணக்கு எழுதற ரைட்டரு பேரை எடுத்துருவாருங்க."

"நீ போ கண்ணு. நான் ஊட்டுக்கு வந்து பேசறேன்," என்று அவளை அனுப்பிவிட்டு, வாசலில் காத்திருந்த மற்றவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லி, இன்பமேரி கதவைச் சாத்தினார்.

நான் கேள்வி கேட்கும் முன்பே அவரே ஆரம்பித்தார்.

"மொத எட்டு வருசம் நெசத்தைத்தானுங்க சார் எழுதுனேன். மாதம்மாள்னு ஒரு புள்ள. எட்டரைன்னு எழுதி, டிரிப்சுக்குப் போன்னு சத்தம் போட்டேன். அவ போகல. என்ரகிட்ட வர்றதையும் நிறுத்திப்போட்டா. தேடிப் போனாக்கூட ஒளிஞ்சுக்குவா. பிரசவத்துல நொம்ப ரத்தம் போயி செத்துப்போனா. அதுக்கப்புறந்தான் பத்துன்னு எழுத ஆரம்பிச்சேன். எழுதிப்போட்டா என்ரகிட்ட வருவாங்க. நான் தெனமும் லைனுக்குப் போயி என்ர கண்ணு முன்னால மாத்திரையை முழுங்க வெப்பேன். ஏழுக்குக் கீழ போனா மட்டும் விடமாட்டேனுங்க. நானே பஸ் ஏத்திக் கூட்டியாந்துருவேன்."

"அப்ப நிஜ அளவு?"

மேஜை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பெயர், லைன் எண், மெஷின் காட்டிய பாயிண்ட், மாத்திரை கொடுத்த தேதிகள். யாருக்கு எவ்வளவு குறைவு என்று தெரிந்தால்தானே யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியும்? அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு, வைத்தியத்துக்கு ஒரு கணக்கு.

அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன். முப்பத்தொன்பது பத்துகளில் முப்பத்தாறு பொய். லைன் வீட்டுப் பெண்கள் ஐம்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேர் பத்துக்குக் கீழே. நாலில் மூன்று பேர். நிலம் உள்ள வீடுகளில் நாலில் ஒருத்திதான். ஒரே மழை, ஒரே காற்று, ஒரே ரேஷன் கடை. இந்த ஊர் ஆரோக்கியமானது என்கிற எண்களுக்குத்தான் இத்தனை வருடமும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வேன் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பதிவேட்டை நம்பினால் உங்கள் ஊருக்கு அது வரவே வராது என்றேன்.

"அந்த நம்பரையெல்லாம் யாராச்சும் படிக்கறாங்களா சார்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "ஒரு நாளும் யாரும் ஒண்ணும் கேட்டதில்லீங்களே."

கேட்டிருக்க வேண்டியவன் எதிரே உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

இப்போது உண்மைக் கணக்கை அனுப்பினால், முப்பத்தாறு பொய்யை யார் எழுதியது என்ற கேள்வி வரும். பதினான்கு மாதத்தில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு மெமோ வரும். வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கும். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"மெஷின் கோளாறுன்னு எழுதிடலாம் சிஸ்டர். பழசு, எப்பப் பாத்தாலும் பத்துன்னு காட்டுச்சுன்னு. யார் தலையும் உருளாது."

அவர் யோசித்தார். மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று.

"இந்த நோட்டுல இருக்கறதும் இதே மெஷின் காட்டுனதுதானுங்களே. மெஷினு பொய்யின்னா நோட்டும் பொய்யின்னு ஆயிருமுங்க. அப்புறம் வேனு எப்படி வரும்?"

புள்ளிவிவரத்தில் முதுகலை படித்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. அவரைக் காப்பாற்றுகிற பொய் அந்தப் பெண்களின் கணக்கை அழித்துவிடும். மெஷின் சரி, எழுதிய கைதான் தப்பு என்று அவரே சொன்னால்தான் நோட்டு நிற்கும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் எங்கள் டாக்டர் ஜெஸ்லின் பட்டியலை எடுத்ததும் கடைசி நாற்காலியிலிருந்து இன்பமேரி எழுந்தார். "மேடம், எங்க ஊர்க் கணக்கு தப்புங்க. மெஷின் நல்லாத்தான் இருக்குது. நான்தான் மாத்தி எழுதுனேன்," என்று சொல்லி நோட்டை மேஜைமேல் வைத்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்களை அறையலாம் போல இருந்தது எனக்கு.

டாக்டர் நல்லவர்தான், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளிக்கிழமை திருத்திய பட்டியல் மாவட்டத்துக்குப் போனது. கூடவே நோட்டின் நகலும், ஒன்பது வருடம் இதைக் கவனிக்கத் தவறியவன் நான் என்று ஒரு பக்கமும் வைத்தேன். மறுவாரம் இன்பமேரிக்கு மெமோ வந்தது. பதிவேட்டில் பொய் எழுதியது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

அவர் பக்கம் பக்கமாக எழுதுவார் என்று நினைத்தேன். மாதம்மாளைப் பற்றி எழுதுங்கள், இரக்கப்படுவார்கள் என்றும் சொன்னேன். செத்தவளைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் கொடுத்த விளக்கம் இரண்டே வரி. "அந்தப் பெண்களுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்க என்னால் முடியவில்லை. பத்து என்று எழுத மட்டும் முடிந்தது. தவறுதான்." டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரு எழுத்தும் மாற்றாமல் மாவட்டத்துக்கு அனுப்பினார்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். கெட்டதை முதலில் படித்தேன். ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், பணிப் பதிவேட்டில் கண்டனம். முப்பது வருடத்தில் அவர் பெயரில் விழுந்த முதல் கறை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், கண்ணைத் துடைத்தார். பிறகு நல்லதைப் படித்தேன். மலையில் முதல் வேன் அவருடைய ஊருக்கு.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "என்னைக்கிங்க வரும்?" என்றார்.

"வியாழக்கிழமை."

"வியாழன் வேண்டாங்க சார். அன்னைக்கும் பறிப்புதானுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூலி போகும், இங்க வந்தாலும் கூலி போகும். வேனு சும்மா நின்னுட்டுப் போயிரும். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே இருப்பார் என்பது மலைக்கே தெரியும். மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. காய்ச்சலோடுகூடப் பூசைக்குப் போகிறவர். "அப்ப உங்க பூசை?" என்றேன்.

"ஆண்டவருகிட்ட லீவு சொல்லிக்கறேனுங்க. அவரு மெமோ குடுக்க மாட்டாரு."

டாக்டர் ஜெஸ்லினிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் அதே கோவில்தான். பேனாவை எடுத்து வியாழனை அடித்துவிட்டு ஞாயிறு என்று எழுதி, மாவட்டத்துக்குப் போன் போட்டு அரை மணி நேரம் வாதாடி அனுமதி வாங்கினார்.

முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் போய் நின்றது. பதினோரு பெண்கள் லைன் வீடுகளிலிருந்து நடந்து வந்தார்கள். இன்பமேரி ஒவ்வொருத்தி விரலிலும் குத்தி, மெஷின் காட்டியதை அப்படியே சத்தமாகப் படித்து எழுதினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் அழவில்லை. பதினோரு பேரில் ஒருத்திக்கும் அன்றைக்குக் கூலி போகவில்லை.