லெஃப்ட் ஸ்லிப்பர்ஸின் ஒரே ஹிட் பாட்டு

போன மாதம் என் தங்கை மகள் என்னை ஜார்ஜ் டவுனில் ஒரு காப்பிக் கடைக்கு இழுத்துப் போனாள். காப்பிக் கடை என்று நான்தான் சொல்கிறேன். அவள் கஃபே என்பாள். பழைய கடைவீட்டின் சுண்ணாம்பை வேண்டுமென்றே உரித்துவிட்டுச் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். சுவரில் ஒரு போஸ்டர். அதில் நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு சோகமாக நின்றார்கள்.

"இது இண்டி பேண்ட், பெரியம்மா. ஜாஸ், கெரோன்சோங், கர்நாடிக், கார்ட்டூன் மியூசிக் எல்லாத்தையும் கலந்து ஒரு மாதிரி பண்ணுவாங்க. பினாங்குல இதுக்கு முன்னாடி யாருமே இப்படிப் பண்ணதில்ல லா."

யாருமே! எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. அவள் முதுகில் தட்டிக்கொண்டிருக்கும்போதே, வெளியே அஞ்சடி நடைபாதையில் பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் தரையோரச் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றினார். புகை உள்ளே வந்ததும் நான் அந்தக் கஃபேயில் இல்லை. தலையில் வெள்ளைத் தொப்பி, தோளை அறுக்கிற அக்கார்டியன் வார், முன்னால் சவப்பெட்டி ஏற்றிய லாரி. இத்தனை வருஷம் கழித்தும் இந்த வாசனை என்னை விடுவதாக இல்லை.

எங்களுக்கும் ஒரு பேண்ட் இருந்தது, எழுபதுகளின் கடைசியில். பெயர் 'லெஃப்ட் ஸ்லிப்பர்ஸ்'. ஒருநாள் மாடியில் ஒத்திகை பார்த்துவிட்டு இறங்கினால், படியில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் வலது கால் செருப்பை மட்டும் தெருநாய் கொண்டுபோயிருந்தது. வலதில் ஒன்றையாவது விட்டு வைத்ததா என்றால் இல்லை. மற்ற பேண்டுகள் பெயருக்காக மாதக்கணக்கில் சண்டை போடுமாம். எங்களுக்கு நாய் வைத்த பெயர்.

நான் சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்தவள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. காதுக்கும் கைக்கும் வேறு ஏதாவது கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான், புலாவ் தீக்குஸில் ஒரு யுரேசியன் டீச்சரம்மாவிடம் அக்கார்டியன் கற்றுக்கொண்டேன். ஏன் அக்கார்டியன் என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் அதுதான் இருந்தது.

அங்கேதான் செல்வனைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வே குமாஸ்தா, இவன் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. என்னைவிட இளையவன், அதனால் என்னை அக்கா என்பான். டிரம்பெட் ஊதுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஆர்மோனியத்தோடு தேவாரம் பாடிவிட்டு, அதே ராகத்தை டிரம்பெட்டில் வால்ட்ஸ் தாளத்துக்கு இழுத்துப் பார்க்கிற ஆள். அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கித்தார் வாசித்த மாட், வருஷா வருஷம் போரியா குழுவில் ஆடிப் பாடுகிற குடும்பத்துப் பையன். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுகிற அந்தப் பழக்கத்தை எங்கள் பாட்டுகளுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். டிரம்ஸ் ஆ செங், தெருமேடைச் சீன நாடகத்துக் சேகண்டியைக் கேட்டு வளர்ந்தவன்; அமைதியான இடம் பார்த்து டணார் என்று ஒன்று போடுவான். நான் டீச்சரம்மாவிடம் கற்ற சர்ச் பாட்டுகளை வைத்திருந்தேன். ஃபாக்டரி ஏர்கான் முனகுவது எந்தச் சுருதி என்று என்னிடம் கேட்டு, அதிலேயே ஒரு பாட்டு போட்டான் செல்வன். தபாலாபீஸ் வரிசையைப் பற்றி ஒரு பாட்டு. காணாமல் போன செருப்புக்கும் ஒன்று.

கேட்க ஆள்தான் இல்லை. ஒரு தீபாவளி விருந்தில் எங்களை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஒரு அண்ணன் மேடைக்கு வந்து, "தம்பி, சினிமாப் பாட்டு தெரியுமா தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்று செல்வன் ரோஷமாகச் சொல்லிவிட்டான். அவர் நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார்.

எங்களுக்கு ஒத்திகை இடம் தந்தவர் ஆ செங்கின் மாமா. கார்னர்வன் தெருப் பக்கம் கடை. சீனச் சாவு வீடுகளுக்குப் பேண்டு அனுப்புகிற தொழில். மாடி முழுக்கப் பாச்சை உருண்டை வாசனையோடு வெள்ளைச் சீருடைகள் தொங்கும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் பற்றாக்குறை. கூப்பிட்டார், போனோம். பாதிப் பேண்டுக்காரர்கள் அவருடைய கிழவர்கள், மீதி நாங்கள். பெண்பிள்ளை எதற்கு என்று முதலில் முனகினார். அக்கார்டியனைக் கேட்டதும் தொப்பியை எடுத்து நீட்டிவிட்டார்.

அவர் போட்ட சட்டம் சின்னது. "பெலான் பெலான், மெதுவா நட. சத்தம் நிக்கக் கூடாது. என்ன வாசிக்கிறன்னு யாரும் கேக்க மாட்டாங்க." தெரிந்த சர்ச் பாட்டுகள் எல்லாம் தீர்ந்துபோன ஒரு ஊர்வலத்தில், செல்வன் என் பக்கம் திரும்பி, "அக்கா, நம்ம பாட்ட போட்டுப் பாப்பமா? செத்தவரு வயரப் பிடுங்க மாட்டாரு" என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் துருத்தியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு சீன அம்மா என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் 'படகு' பாட்டு தெருவுக்கு வந்தது. அதைச் செல்வன் எழுதியது ரோகிணிக்காக. ரோகிணி கடலுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருந்தாள். இந்தக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் ஃபெர்ரியில் வருவாள். இவன் வேலைக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு, வழியே இல்லாத வழியாக ஜெட்டிக்குப் போய் நிற்பான். கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். இவன் மட்டும் எழுதினான்:

"பாலம் எதுக்கு, பாலம் எதுக்கு,
படகு மெல்ல வரட்டுமே."

எங்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டு வரிதான். மிச்சத்தை ஒத்திகையில் லா லா என்றே பாடுவான். "வார்த்தைய மொதல்ல அவதான் கேக்கணும்" என்பான். கல்யாணத்தன்றைக்கு மேடையில் பாடுவதாகத் திட்டம். அதுவரை அவளுக்கு மெட்டுகூடத் தெரியக் கூடாது. குமாஸ்தா வேலை, அப்பாவின் திட்டு, பிடுங்கப்பட்ட வயர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிஷம் பதில் சொல்லும் என்று நம்பினான். நானும் நம்பினேன்.

ஃபெர்ரியின் வேகத்துக்கு எழுதிய பாட்டு, சவ ஊர்வல நடைக்கு அச்சாகப் பொருந்தியது. டிரம்பெட்டும் அக்கார்டியனும் மட்டும். வார்த்தை கிடையாது. கேட்டவர்கள் கரைந்துபோனார்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டில் மாமாவிடம் அதையே கேட்டார்கள். அப்புறம் எல்லா வீட்டிலும். மற்ற பேண்டுகளும் காதால் பிடித்து வாசிக்க ஆரம்பித்தன. செல்வனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம பாட்ட ஊரே கேக்குது லா!" என்று பூரித்துப்போனான். சாவு வீட்டில் தருகிற மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, துரதிர்ஷ்டம் ஒட்டாதிருக்கத் தருகிற சிவப்பு நூலைச் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டு, நாலு பேரும் வெற்றி பெற்றவர்கள் மாதிரி திரும்பி வருவோம்.

ஒருநாள் ஃபாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே அதை முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் இருந்த சீனப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "அதப் பாடாத, அக்கா. எங்க தாத்தாவக் கொண்டுபோனப்ப கேட்டது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு செல்வனிடம் போய்ச் சொன்னேன். எங்கள் நாலு பேருக்கும் மூளை என்று ஒன்று இருந்ததா என்று இன்றைக்கும் சந்தேகம்தான்.

கல்யாணம் காலையில் கோயிலில் நடந்தது. சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. ஒரு பக்கம் சொந்தக்காரர்கள், மறுபக்கம் செல்வனின் கம்பெனி முதலாளியான சீனத் தவுக்கேயின் குடும்பம், ரோகிணியின் சக டீச்சர்கள் என்று பாதி மண்டபம் சீனர்கள். செல்வன் மாப்பிள்ளைக் கோலத்திலேயே மைக்குக்கு முன் வந்து நின்றான். ரோகிணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் முதல் சுரத்தை இழுத்தேன்.

மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆகா, கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தவுக்கேயின் வயதான அம்மா எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார், பெட்டி கடந்து போகும்போது நிற்பார்களே, அதுபோல. அப்புறம் மடமடவென்று வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே மருமகள்கள். ஒருத்தி குழந்தையின் காதைப் பொத்தினாள். ஒரு டீச்சரின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய் நூலைத் தேடியது. யாரோ "சுவேய், சுவேய்" என்றார்கள். துரதிர்ஷ்டம் பிடித்தது என்று அர்த்தம். பினாங்கில் அது தெரியாத தமிழர் கிடையாது.

ஆ செங் முகம் வெளுத்துப்போய், "நிறுத்து லா, அக்கா, நிறுத்து!" என்றான். என் விரல்கள் நிற்கவில்லை. பழகிய விரல்கள், சத்தம் நிற்கக் கூடாது என்று பழகியவை. செல்வன் இரண்டு வரியும் பாடிவிட்டான். மண்டபத்தைப் பார்த்தான். மூன்றாவது வரியை அவன் பாடவே இல்லை. மாட் சமயோசிதமாகக் கித்தாரில் போரியா தாளத்தைப் பிடித்து எல்லோரையும் கை தட்ட வைத்துவிட்டான். விருந்து தப்பித்தது. ரோகிணியின் அம்மா மட்டும் கடைசிவரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அதோடு பேண்ட் முடிந்தது. யாரும் சொல்லி முடிக்கவில்லை; ஒத்திகைக்கு ஒவ்வொருவராக வராமல் போனோம். செல்வன் டிரம்பெட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். பாட்டோ எங்களை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு ஊரைச் சுற்றியது. பஸ்ஸில் போகும்போது கேட்கும், பாசாரில் நிற்கும்போது கேட்கும். யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் அவர்களைக் கொன்றோம் என்கிற மாதிரி ஒரு குற்றவுணர்ச்சி. காரணமே கிடையாது, ஆனால் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் செல்வன் திடீரென்று இறந்துபோனான். மாரடைப்பு. காலையில் நான் அவன் வீட்டுக்குப் போனபோது, வாசல் கேட்டுக்கு வெளியே ஆ செங் நின்றுகொண்டிருந்தான். மாமாவுக்குப் பிறகு தொழில் அவன் கையில். பின்னால் பேண்டு முழுதும் வெள்ளைச் சீருடையில். யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்திருந்தார்கள், தங்களுக்கு அந்தப் பாட்டைத் தந்தவனுக்கு அதையே வாசித்து வழியனுப்ப. யாழ்ப்பாணத்து வீட்டில் சீனப் பேண்டா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ரோகிணி வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"வந்ததுக்கு நன்றிண்ணே. ஆனா அத வாசிக்காதீங்க. அது சாவுப் பாட்டு இல்ல. எனக்குன்னு எழுதின கல்யாணப் பாட்டு."

ஆ செங் தொப்பியைக் கழற்றினான். வாத்தியங்களைக் கையில் பிடித்தபடி, சத்தமே இல்லாமல், அவர்கள் லாரிக்குப் பின்னால் நடந்தார்கள். அந்த நாட்களில் ஜார்ஜ் டவுனில் பேண்டு வந்தும் அந்தப் பாட்டு கேட்காத சாவு அவனுடையது ஒன்றுதான்.

இப்போது கண்ணாடி வைத்த வேன்கள் விர்ரென்று போய்விடுகின்றன. பின்னால் நடக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆ செங் கடையை மூடிவிட்டான். பாலம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. அந்தப் பழைய மஞ்சள் ஃபெர்ரிகளும் போய்விட்டன.

மகனோடு மெல்பர்னுக்குப் போவதற்கு முன்னால் ரோகிணி என்னைப் பார்க்க வந்தாள். டீயைக் குடித்து முடித்தபிறகுதான் கேட்டாள்.

"அக்கா, மிச்ச வரியெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் உனக்குப் பாடவே இல்லையாம்மா?"

"கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னொரு நாள் பாடுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வீடு முழுக்கத் தேடிட்டேன், எங்கயும் எழுதி வைக்கல. ஒத்திகையில நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

தெரியாது என்றேன். லா லா என்றுதான் பாடுவான் என்று அவளிடம் சொல்லவில்லை. வாசியுங்கள் என்றாள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு அக்கார்டியனை எடுத்தேன். முதல் இரண்டு வரியை அவளே பாடினாள், நல்ல சுருதியில், சிரித்துக்கொண்டே. மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தாள். வார்த்தை இல்லை. வாயை மூடாமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துருத்தியை இழுத்துக்கொண்டே போனேன், பாட்டு முடிகிறவரைக்கும்.