சிவப்புத் துணியில் வந்த வலுசர்ப்பம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். மதுரையில் மழையே இல்லாத வருஷம் அது. வண்டியூர் தெப்பக்குளம் வறண்டு கிடந்தது. மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பருடையது. என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகளுக்கு மறுநாள் கல்யாணம்.

அவர்கள் கிறிஸ்தவர்கள். நண்பர் சபையில் முக்கியமானவர், வேதத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார். மாப்பிள்ளையும் அதே சபைதான்; ஆனால் பிறந்தது வளர்ந்தது பினாங்கில். படிக்க மதுரைக்கு வந்து இங்கேயே வேலையும் வாங்கிக்கொண்டவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவரை வளர்த்தது சித்தப்பாவின் மனைவி. அந்த அம்மாள் சீனாக்காரி. சித்தப்பாவும் தவறிவிட்டதால் கல்யாணத்துக்குத் தனியாகவே கப்பலேறி வந்திருந்தார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை; அதைப் பெண் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வருவார்கள். முதல் தட்டைப் பெண்ணின் தகப்பனார் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் சம்பந்தம் உறுதி. வாங்காமல் கையை எடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

முதல் தட்டை அந்தச் சீனச் சித்திதான் ஏந்தி வந்தார். பட்டுப் புடவைக்கு மேலே மடித்து வைத்த ஒரு சிவப்புத் துணி. நண்பர் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் துணியின் மடிப்பு விலகியது. தங்க நூலில் பின்னிய ஒரு பிராணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. பாம்பு உடம்பு, மான் கொம்பு, கழுகு நகம், நீள மீசை, திறந்த வாய்.

நண்பர் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"வலுசர்ப்பம்" என்றார். தமிழ் வேதத்தில் டிராகனுக்கு அதுதான் பெயர். "பிசாசோட உருவம். இத எம் மகளுக்கா கொண்டாந்தீக?"

மாப்பிள்ளைதான் முன்னால் வந்தார். "மாமா, எங்க ஊருல இது நல்ல சகுனம். எல்லாக் கல்யாணத்துலயும் இருக்கும்."

"வேதத்துல வேற மாதிரி இருக்கு மாப்ள. பிள்ள பெறப் போறவ முன்னால, பெறந்ததும் தின்னுபுடலாம்னு காத்துக்கிட்டு நிக்கிறது இதுதான்."

அவர் ஏன் அந்த இடத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் அவருக்குத் தங்கவில்லை. அது வெறும் பிடிவாதம் இல்லை, பயம்.

சமாதானம் செய்யலாமென்று நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, நம்ம மீனாச்சி கோயில் தூண்ல யாளி நிக்கிதுல்ல, அது மாதிரி நெனச்சுக்கங்களேன்."

"அதத்தானய்யா நானும் சொல்றேன்!" என்றார் அவர். அவருக்கு யாளியும் பிசாசு உருவம்தான். என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

சித்திக்குத் தமிழ் தெரியும், பேச்சோடு பேச்சாக 'லா' சேர்க்கும் பினாங்குத் தமிழ். தட்டை இறக்காமலே சொன்னார்: "இது கெட்டது இல்ல லா, சம்மந்தி. இது மழை குடுக்கும். மழை வந்தா நெல்லு வரும்."

"மழையா? அப்ப தெப்பக்குளத்துல கொண்டுபோய்ப் போடுங்கத்தா, ரொம்புதான்னு பாப்போம்" என்றார் பெண்ணின் தாய்மாமன். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓர் அம்மாள் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது சாயம் போன பழைய துணியில்ல? நாலு மூலையிலயும் வாரு வேற தொங்குது. இதையா சீராக் கொண்டாருவாக?" என்று மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "எங்க சித்தி தட்டு திரும்புனா நானும் அதோட திரும்பிருவேன் மாமா. பெறகு வருத்தப்படாதீக."

அறை வாசலில் நின்ற பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா, "ஏங்க, வாங்குங்க. அம்புட்டு சனமும் பாக்குது" என்று கெஞ்சினார். நண்பர் அசையவில்லை.

சித்தி மாப்பிள்ளையைக் கையமர்த்தினார்.

"சம்மந்தி, நேத்து இவன் உங்க கோயில் கூட்டிட்டுப் போனான். அங்க கண்ணாடி ஜன்னல்ல பாத்தேன். ஒருத்தன் குதிரையில வந்து இதைக் குத்துறான். வாயில ஈட்டி. ரத்தம் வருது. என் புள்ளைக்கு இதுக்குக் கீழயா கல்யாணம்னு நெனச்சேன். ஆனா ஒண்ணும் சொல்லல. பொண்ணு வீட்டு சாமி இடம், அவுங்களுக்கு என்னமோ காரணம் இருக்கும்னு கும்பிட்டு வந்தேன்."

வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய தேவாலயம் அது. வலுசர்ப்பத்தைக் கொல்லும் புனிதரை வரைந்த அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரேதான் நண்பர் வாராவாரம் உட்காருவார். நானும் அங்கே சில கல்யாணங்களில் அதைப் பார்த்திருக்கிறேன், அழகான வேலைப்பாடு என்று.

சித்தி துணியை விரித்தார். "இது பழசுதான். புள்ளை சுமக்கிற துணி. இவன் அம்மா செத்தப்ப இவனுக்குப் பல்லு மொளைக்கல. இதுல வெச்சு முதுகுல கட்டித்தான் மார்க்கெட் போனேன், சமைச்சேன், எல்லாம் செஞ்சேன். எனக்கு வேற புள்ளை இல்ல. இங்க பாருங்க, கடிச்சுக் கடிச்சு இதோட மீசையைத் தின்னுட்டான்." ஓர் ஓரத்தில் தங்க நூல் பிய்ந்திருந்ததைக் காட்டினார். "இவன்தான் இதைத் தின்னான். இது இவனைத் தின்னல லா."

நண்பர் குனிந்து அந்தப் பிய்ந்த இடத்தைப் பார்த்தார். பிறகு விரலால் அதைத் தடவினார்.

"இதுலயா தூக்குனீக?" என்றார்.

"ஆமா."

நண்பர் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகும் அவர் முகத்தில் தெளிவில்லை. "ஆனா, நாளைக்குக் கோயிலுக்குள்ள மட்டும் கொண்டுவர வேணாம் தாயி" என்றார்.

"வேணாம், வேணாம்" என்றார் சித்தி அவசரமாக. "அங்க குதிரைக்காரன் இருக்கான்."

முதலில் சிரித்தது நண்பர்தான்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மழை பெய்ததா என்று கேட்பீர்கள். இல்லை, வெயில் கொளுத்தியது. எல்லாவற்றையும் வரிசையாக நாட்குறிப்பில் எழுதுகிற நான், அன்று நண்பர் மனம் மாறியதற்குக் காரணம் எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்தேன். வலுசர்ப்பத்தைப் பற்றி அவர் நம்பியது எதுவும் மாறவில்லை. பின்னாளில் பேசும்போதும் வேதத்தில் இருப்பது இருப்பதுதான் என்பார்.

இரண்டு வருஷம் போயிருக்கும். காலை நடையில் தெப்பக்குளத்துக் கரையில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நண்பர், முதுகில் ஏதோ மூட்டையைக் கட்டிக்கொண்டு மெல்ல நடந்தார். நெருங்கியதும் சிவப்பு தெரிந்தது. மகள் பிரசவத்துக்கு வந்து பெற்றெடுத்த பேரனை, வாரை நெஞ்சில் குறுக்காக முடிச்சுப் போட்டுச் சுமந்துகொண்டிருந்தார். பிள்ளை அந்தத் தங்கப் பிராணிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, பயமா இல்லையா?" என்றேன்.

"மெதுவாப் பேசு தம்பி, முழிச்சுக்கிருவான்" என்றார். சற்றுத் தூரம் போனபின், "தகப்பனத் தின்னாதது மகனயா தின்னுரப் போகுது?" என்றார்.

அந்த ஜன்னலில் குதிரைக்காரன் இன்றும் குத்திக்கொண்டுதான் இருக்கிறான். புரியாத ஏதோ ஓர் உருவத்தை யாராவது கும்பிடுவதைப் பார்த்தால், அது என்னவென்று எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாயெடுப்பேன். உடனே அந்தப் பிய்ந்த மீசை நினைவுக்கு வந்து, அது அவர்களில் யாரை எப்படிச் சுமந்ததோ என்று முதலில் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.