மீனம்பாக்கத்தில் முறிந்த உபவாசம்

தந்தி வந்தபோது என் மகள் எஸ்தருக்கு ஏழு மாதம். 1991 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். காஷ்மீரில் என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன ராணுவ லாரி பள்ளத்தில் உருண்டுவிட்டது. தில்லி ராணுவ மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், நிலைமை மோசம், உடனே வரவும் என்று இருந்தது. அவர் மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். அதில் மூக்கு சரியாகத் தெரியவில்லை, யார் மூக்கு என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்பானவர்களே, அன்று நான் ஆண்டவரோடு பேரம்தான் பேசினேன். என் வீட்டுக்காரரை உயிரோடு பார்க்கும்வரை என் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது என்று எங்கள் திருமுல்லைவாயில் வீட்டுச் சமையலறையில் நின்று பொருத்தனை பண்ணினேன். பால் கொடுக்கிறவள் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கவில்லை. பிடிவாதக்காரி நான்.

மறுநாள் விடிந்ததும் கொழுந்தன் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் ராணுவம் எடுத்துக் கொடுத்தது. ஆவடியைத் தாண்டித் தனியாகப் போகாதவள் நான். தில்லியில் பனிமூட்டம், அங்கிருந்து வரவேண்டிய விமானம் கிளம்பவில்லை என்றார்கள். உட்கார்ந்திருந்தேன்.

அங்கே ஒரு மூலையில் பயணம் போகிற ராணுவத்தாருக்கும் குடும்பத்தாருக்கும் என்று ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், நாலு நாற்காலி, டீ ஃபிளாஸ்க். அதைப் பார்த்துக்கொண்ட முனியம்மா காட்டுப்பாக்கத்துக்காரி. என் கையிலிருந்த ராணுவக் கடிதத்தைப் பார்த்துவிட்டு மூன்று முறை வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். சாப்பாட்டு வாசனை பட்டால் மனசு இளகிவிடுமோ என்று பயம்.

மதியம் விமானம் ரத்து, நாளை வாருங்கள் என்றார்கள். பம்பாய் வழியாகப் போகும் இன்னொன்றில் இடமில்லை. எனக்குக் கண் இருட்டியது. நாளை வரை அவர் இருப்பாரா? எஸ்தர் வீறிட்டாள். மார்பில் சொட்டுப் பால் இல்லை. ஆண்டவரே, என்னைக் கைவிட்டீரே என்று வாய்விட்டே சொன்னேன்.

முனியம்மா நாலாவது முறை வந்தாள்.

"காலைலேந்து ஒக்காந்துகினு கீறே. நீ துன்னாதானம்மா கொயந்தைக்குப் பாலு. உன் சாமியா இத்தப் பட்டினி போடச் சொல்லிச்சு?"

எழுந்து அவள் பின்னால் போனேன். இரண்டு இட்லியும் டீயும் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன். பொருத்தனையை முறித்துவிட்டேன், இனி அவர் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தேன். கட்டிலில் திரும்பி உட்கார்ந்து குழந்தையை அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பால் சுரந்தது.

முனியம்மா என் கதையை அங்கே இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து திரும்பும் நசரத்பேட்டை சிப்பாய் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பம்பாய் விமானத்தில் அவருக்கு இடம் இருந்தது.

"நீங்க போங்கக்கா. லேட்டா போனா எனக்குத் தண்டனதான் குடுப்பாங்க, வாங்கிக்கிறேன்" என்றார். அறைப் பொறுப்பாளரான ஹவில்தார் கவுண்டருக்குப் போய்ப் பேசி டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். அந்தச் சிப்பாயின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவு தில்லி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு நினைவு இருந்தது. எஸ்தரை அவர் முகத்தருகே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"என் மூக்குதான்" என்றார்.

மூன்றாம் நாள் காலை இறந்துபோனார்.

உயிரோடு பார்க்க வேண்டும் என்று கேட்டேன், பார்த்தேன். உயிரோடு திருப்பிக் கொடும் என்று கேட்டிருக்கலாமே என்று இன்றுவரை நெஞ்சு அறுக்கிறது. ஊருக்கு வந்து ஐந்து மாதம் வேதத்தைத் தொடவில்லை. ஆனால் மறுநாள் விமானத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் நினைவு தப்பியதே அந்த மறுநாள் காலையில்தான். அன்றைக்கு என்னைக் கைவிட்டீரே என்று நான் அழுதபோது, ஆண்டவர் அனுப்பிய ஆள் மூன்று தரம் வந்து கூப்பிட்டுப் போயிருந்தாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் இட்லி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டோடு அந்த அறைக்குப் போகிறேன். துக்கம் தீர்ந்து சாட்சி சொல்ல நான் வரவில்லை. நீங்களும் அழுகையோடேயே ஆண்டவரை நம்புங்கள். போன வாரம் ஒரு பெண், கையில் தந்தி, எதுவும் வேண்டாம் என்று தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல சாப்பிடும்மா. அப்புறம் ரெண்டு பேருமா ஜெபிக்கலாம்" என்றேன்.